வௌவால்களுக்குப் பிரசவ காலம்

குகையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் குகையைப் பார்க்க வந்தார்கள். மீதிப் பேர் ஸ்பீக்கரக்காவைக் கேட்க வந்தார்கள். இந்தக் கணக்கைச் சொன்னது ஸ்பீக்கரக்காவே என்பதால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஆனாலும் அடியோடு பொய் என்று தள்ளிவிட முடியாது.

அந்தப் பெயரை அவளுக்கு வைத்தவர் குகைக்குள் விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் வயர்மேன். அவள் வழிகாட்டியாக வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட்டம் பெரிதாக இருந்தால் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொல்லி ஓர் ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள். அவள் அதை மாட்டிக்கொண்டு ‘வணக்கம்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். பெட்டி கொர்ரென்று இருமிவிட்டு அடங்கிப்போனது. வயர்மேன் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்களே ஸ்பீக்கரு. உங்களுக்கு எதுக்கு இன்னொண்ணு?" என்று சொல்லி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பெயர் ஒட்டிக்கொண்டது.

பிறவியிலேயே பெரிய குரல்தான். அதற்கு மேல் அவளுக்கு வாய்த்த வீட்டுக்காரர் சிமெண்ட் ஆலையில் கல் உடைக்கும் எந்திரத்தின் பக்கத்திலேயே பல வருடம் நின்று காதைப் பறிகொடுத்தவர். அவள் குரலும் அவர் காதும் அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்திப்போயின. இப்போது அவர் ஆலை வேலையை விட்டுவிட்டு, குகை வாசலில் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்கிறார். கல்லூரிக்குப் போகும் ஒரே மகள் மட்டும், "அம்மா, நீ உப்பு கேட்டா பக்கத்து வீட்டுல இருந்து கொண்டுவந்து குடுக்குறாங்க, மானம் போகுது" என்று புலம்புவாள்.

குகைக்குள் போகும் வழியைச் சொல்லிவிட வேண்டும், பின்னால் உதவும். வாசலில் நுழைந்ததும் உழவாரக் குருவிகள் கூடு கட்டிய சுவர். அங்கிருந்து ஓடையை ஒட்டி இரும்புக் கம்பி பிடித்த நடைபாதை. ஓடைக்குள் உற்றுப் பார்த்தால் கண்ணே இல்லாத வெள்ளை இறால்கள், கண்ணாடித் துண்டு உயிர் பெற்ற மாதிரித் திரியும். நடைபாதை முடிகிற இடத்தில் எதிரொலிக் கூடம். ஒரு மாடி வீட்டை அப்படியே உள்ளே தூக்கி வைத்து, மேலே துணி காயப் போடவும் இடம் இருக்கும். கூரை கவிழ்த்த பானை மாதிரிக் குழிந்திருக்கும். அந்தக் கூடத்திலிருந்து வாசலுக்கு இன்னொரு வழியும் உண்டு. நடைபாதை போடும் முன் புழங்கிய மேல் படிக்கட்டு. குறுகலானது, கூரைக்கு வெகு அருகில் போவது. இப்போது சங்கிலி போட்டு மூடிவிட்டார்கள். கூடத்துக்கு அப்பால் குகை ஒரு வளைவு திரும்பி, வேர்க் குகைக்குப் போய் முடியும். அங்கே கூரையில் ஒரு பெரிய ஓட்டை. மேலே குன்றில் நிற்கும் மரங்களின் வேர்கள் அது வழியாகக் கயிறு கயிறாகத் தொங்கும்.

ஸ்பீக்கரக்காவின் மேடை எதிரொலிக் கூடம். கூட்டம் முழுக்க வந்து சேர்ந்ததும் நடுவில் ஒரு பாறைமேல் ஏறி, இடுப்பில் கை வைத்து, மூச்சை இழுத்து, "யாரது?" என்று ஒரு குரல் விடுவாள். குகை "அது... அது... அது..." என்று பதில் சொல்லும். "பாத்தீங்களா? யாருன்னு மரியாதையாக் கேட்டா அது அதுன்னு பதில் சொல்லுது. எத்தன வருஷமா பாடம் நடத்துறேன், திருந்தல!" என்பாள். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்புறம் ஆளாளுக்குக் கத்திப் பார்ப்பார்கள். குகையே அதிரும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த வருடம் புயலடித்து, வேர்க் குகை ஓட்டைக்கு மேலே நின்ற பெரிய மரம் சாய்ந்தது. ஓட்டை அகலமாகி, உள்ளே வெயிலும் காற்றும் புகுந்தன. அதுவரை வேர்க் குகையின் இருட்டு மூலையில் குடியிருந்த வௌவால்கள் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு கிளம்பி, எதிரொலிக் கூடத்தின் கூரைக் குழிவுக்கு வந்து சேர்ந்தன. வந்தவை எல்லாம் பெண் வௌவால்கள். அத்தனையும் பிள்ளைத்தாய்ச்சிகள்.

மேனேஜர் ஸ்பீக்கரக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே நாற்காலியில் மெலிந்த இளம்பெண் ஒருத்தி முதுகுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வௌவால்களைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள். இரண்டு வருடமாக இந்தக் குகைக்கு வந்துபோகிறாள். டாக்டர் என்று கேள்விப்பட்ட டிக்கெட் கவுண்டர்காரர் ஒருமுறை தன் மூட்டு வலிக்கு மருந்து கேட்டு, அவளும் வெட்கப்பட்டுக்கொண்டே தன் அம்மா போடும் தைலத்தின் பெயரைச் சொல்லி, வலி குறைந்துவிட்டதால் அன்று முதல் எல்லோருக்கும் அவள் டாக்டரம்மாதான்.

"குட்டி போடுற காலம் அக்கா," என்றாள் டாக்டரம்மா. "கூரை குழிஞ்ச இடத்துல சூடு தங்கும். அதான் அங்க வந்திருக்குங்க. குட்டிக்கு இறக்கை பலப்படுற வரைக்கும் அங்கதான் இருக்கும். அதுவரைக்கும் கூடத்துல சத்தம் வேணாம். அம்மா திடுக்குன்னு பறந்தா, குட்டி பிடி விட்டுக் கீழ விழுந்துடும்."

"சத்தம் வேணாம்னா? மெதுவாப் பேசணுமா?"

"கிசுகிசுன்னு பேசணும்."

ஸ்பீக்கரக்கா மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தார்.

"சார், மீனைக் கூப்பிட்டு நீந்தாம இருன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"அதான்மா, கஷ்டம்னா அதுவரைக்கும் நீ டிக்கெட் கவுண்டர்ல உக்காரு. வேற ஆளை உள்ள அனுப்பிக்கலாம்."

அந்த ஒரு பேச்சுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "எனக்கு என்ன சார் கஷ்டம்? கிசுகிசுதானே? பேசிட்டாப் போச்சு!" என்றாள். அவள் சொன்ன வேகத்தில் ஜன்னல் கண்ணாடி ஒருமுறை கிணுங்கியது.

வீட்டில் ஒத்திகை ஆரம்பமானது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்று கிசுகிசுத்தாள். வீட்டுக்காரர் அவள் உதடு அசைவதைப் பார்த்துவிட்டுத் தன் காதை விரலால் குடைந்தார். தட்டினார். முகம் வெளுத்துப்போனது.

"பாப்பா, எனக்குக் காது சுத்தமா அவுட்டு. உங்கம்மா பேசுறதே கேக்கல!"

"அப்பா, அவங்க வேணும்னே மெதுவாப் பேசுறாங்கப்பா!" என்று மகள் கத்தினாள். கத்திய கத்தலில் அடுக்கில் இருந்த டம்ளர் அதிர்ந்தது. இத்தனை வருடமும் அம்மாவின் குரலுக்கு அடியில் மறைந்திருந்த மகளின் குரல் அன்றுதான் வெளிச்சத்துக்கு வந்தது. ஸ்பீக்கரக்கா சிரிப்பை அடக்க முடியாமல் குழம்பை மறந்து, "யாருக்கு மானம் போகுதுன்னு சொன்ன?" என்று கேட்டாள், கிசுகிசுப்பாகவே. வீட்டுக்காரர் அன்று குழம்பு இல்லாமலே எழுந்தார்.

முதல் நாள் குகைக்குள் அவள் படாதபாடு பட்டாள். தொண்டைக்குள் பூனையைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. பின்வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லை. "என்னங்க சொல்றாங்க?" "ஏதோ வெள்ளை இரும்பாம்." "இறாலுங்க!" என்று ஆளாளுக்கு மொழிபெயர்த்தார்கள். எப்படியோ கூடம்வரை வந்துவிட்டார்கள். அங்கே ஒரு பெரியவர் ஈரப் பாறையில் கால் வழுக்கிச் சாய்ந்தார். பழக்கம் விடுமா? "பாத்து!" என்று அவள் வாயிலிருந்து முழுக் குரலும் கிளம்பிவிட்டது.

பெரியவர் கம்பியைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டார். ஆனால் கூரையில் கறுப்புப் போர்வையை யாரோ உதறியது போல ஓர் அசைவு. சடசடவென்று இறக்கைகள். அவள் காலடியில் ஏதோ பொத்தென்று விழுந்தது. குனிந்து பார்த்தாள். கட்டைவிரல் அளவு. மயிர் முளைக்காத இளஞ்சிவப்பு உடம்பு. மடித்த குடை மாதிரி இறக்கை. வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தமே வரவில்லை.

டாக்டரம்மா கூடத்தின் மூலையிலிருந்து ஓடி வந்தாள். கையுறை போட்டு எடுத்தாள். ஒரு நீளக் கழியின் முனையில் துணியைச் சுற்றி, குட்டியை அதில் ஒட்டவைத்துக் கூரையருகே உயர்த்திப் பிடித்தாள். கழி சாயத் தொடங்கியபோது ஸ்பீக்கரக்காவும் கழியைக் கீழே தாங்கிப் பிடித்துக்கொண்டாள். வெகு நேரம் கழித்து ஒரு வௌவால் வட்டமிட்டது. இன்னொரு வட்டம். துணிமேல் இறங்கியது. குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருட்டுக்குள் போய்விட்டது.

"அது வாயத் தொறந்து தொறந்து மூடுச்சே, மூச்சு வாங்குச்சா?" என்று வெளியே வந்ததும் ஸ்பீக்கரக்கா கேட்டாள். கண் ஓரம் ஈரமாக இருந்தது.

"இல்லக்கா. அம்மாவைக் கூப்பிட்டுச்சு. நல்லாவே கத்துச்சு. நமக்குத்தான் கேக்காது."

மறுநாள் டாக்டரம்மா சோப்பு டப்பா அளவில் ஒரு கருவியைக் கொண்டுவந்தாள். நம் காதுக்கு எட்டாத கீச்சுக் குரலை, கேட்கும்படி கீழே இறக்கிக் கொடுக்கும் கருவி. கூடத்தில் நின்று அதன் பொத்தானைத் திருகியதும், பொரி வறுக்கிற மாதிரிப் படபடவென்று சத்தம் கொட்டியது. நடுநடுவே விசில், நடுநடுவே சண்டை. ஸ்பீக்கரக்கா வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்தாள். அமைதியாகத் தூங்குவதாக நினைத்த கூரை முழுக்கச் சந்தைக்கடை.

"இவ்ளோ சத்தமாவா பேசுதுங்க?" என்று கிசுகிசுத்தாள்.

"பறக்கும்போது வழி பாக்குறதுக்குக் கத்தும் பாருங்க, அது நம்ம காதுல விழுந்தா, தீ அலாரத்தைக் காதோட வச்ச மாதிரி இருக்கும். கத்தி, அது பட்டுத் திரும்பி வர்ற எதிரொலியக் கேட்டுத்தான் எங்க சுவரு, எங்க பூச்சின்னு கண்டுபிடிக்குங்க."

ஸ்பீக்கரக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது. "அப்போ இவளுங்களும் கத்தி எதிரொலி கேக்குறவளுங்கதானா? நம்ம ஆளுங்கன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏன் டாக்டரம்மா இவ்ளோ தகராறு பண்ணப்போறேன்?"

அன்று முதல் சுற்றுலாவே வேறு மாதிரி ஆகிவிட்டது. டார்ச்சுகளுக்கு மகள் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டிக்கொடுத்தாள். கூட்டத்தைக் கூடத்தில் உட்காரவைத்து, விளக்கைத் தணித்து, கருவியை முடுக்கிவிட்டு, "இப்ப வந்துச்சே, அது அம்மா. இந்தக் கீச்சு, குட்டி. இந்தப் படபடா, யாரோ வழியில உக்காந்திருக்காங்கன்னு திட்டுது" என்று ஸ்பீக்கரக்கா கிசுகிசுப்பில் வசனம் சொல்லுவாள். சுவரில் நீள மீசையை ஆட்டிக்கொண்டு நிற்கும் குகைப் பாச்சைகளையும், வௌவால் எச்சத்தைத் தின்று பிழைக்கும் வண்டுகளையும், அந்த வண்டுகளுக்காகக் காத்திருக்கும் எட்டுக்கால் சிலந்தியையும் காட்டுவாள். "மேல இருக்கிறவங்க சிந்துறத நம்பித்தான் கீழ ஒரு ஊரே குடும்பம் நடத்துது" என்பாள். கத்திக்கொண்டு வந்த பிள்ளைகள்கூட உள்ளே போனதும் வாயில் விரல் வைத்துக்கொண்டு மற்றவர்களை அதட்டினார்கள்.

மழை வந்த அன்று மத்தியானம், ஒரு காப்பீட்டு அலுவலகத்தார் குடும்பம் குட்டியோடு வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் ஒருவர். புருவம் வரைக்கும் எட்டும் மீசை, சட்டைப் பொத்தானை மிரட்டும் வயிறு. வாசலிலேயே ஸ்பீக்கரக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "வௌவால் மேல விழாதே?" என்று கேட்டார். விழாது என்றாள். "முடியப் புடிச்சுக்குமாமே?" அவர் தலையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அதைச் சொல்லாமல், "அதெல்லாம் கட்டுக்கதை சார்" என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே நுழையும்போது வெயில் அடித்தது. குன்றுக்குப் பின்னால் எங்கோ கொட்டிய மழை அவர்களுக்குத் தெரியாது. கூடத்தில் கருவியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது விளக்குகள் ஒருசேர அணைந்தன. மின்சாரம் போவது புதிதல்ல. ஆனால் அந்த இருட்டில் ஸ்பீக்கரக்காவின் காதுக்கு ஓடையின் பேச்சு மாறியது தெரிந்தது. எப்போதும் சளசளவென்று வம்பளக்கும் ஓடை இப்போது உறுமியது. நடைபாதை முனைக்குப் போய் டார்ச்சை அடித்தாள். கம்பி மட்டும் தெரிந்தது. பாதை இருந்த இடத்தில் பழுப்பு நிறத் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது.

குகைக்குள் கைபேசி வெறும் கடிகாரம்தான். சாப்பிட்டுவிட்டு, தன் பதிவுக் கருவியோடு வேர்க் குகைக்குப் போன டாக்டரம்மா இன்னும் திரும்பவில்லை. வளைவுக்கு அப்பால் இருக்கிறாள். அங்கே ஓடிப் பார்க்கலாம் என்றால், இந்தக் கூட்டத்தை இருட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது. மிச்சம் இருப்பது மேல் படிக்கட்டு. அது சரியாக வௌவால் கூட்டத்துக்கு அடியில், கை நீட்டினால் தொடுகிற உயரத்தில் போகிறது. யாராவது ஒரு அலறல் போட்டால் போதும், அம்மாக்கள் எல்லாம் பறக்கும், குட்டிகள் எல்லாம் வெள்ளத்தில் விழும். பறந்து முகத்தில் மோதினால் மனிதர்களும் படிக்கட்டிலிருந்து சாய்வார்கள்.

"ஒண்ணும் இல்ல," என்று கிசுகிசுத்தாள். "தண்ணி கொஞ்சம் ஏறியிருக்கு. நாம மொட்டை மாடி வழியாப் போறோம். யாரும் வாயத் தொறக்கக் கூடாது. நான் சொல்றதை ஒருத்தர் காதுல ஒருத்தர் சொல்லிப் பின்னாடி அனுப்புங்க. தலையைக் குனிஞ்சு வாங்க."

செய்தி காதுக்குக் காது தாவிப் போனது. கடைசி ஆளிடம் போய்ச் சேரும்போது, ‘தலைவர் கூப்பிடுறார் வாங்க’ என்று ஆகியிருந்தது. பின்னால் நின்ற ஊழியர்கள் பதறிக்கொண்டு முன்னே நெருக்கினார்கள். தலைவரோ எங்கும் கூப்பிடவில்லை. படிக்கட்டின் முதல் படியில் கால் வைத்தவர், தலைக்கு மேலே சிவப்பு வெளிச்சத்தில் நெளியும் கூரையைப் பார்த்து, இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வாய் மெல்ல மெல்லத் திறந்தது. நெஞ்சு காற்றை இழுத்தது. அலறல் ஒன்று தயாராவதை ஸ்பீக்கரக்கா பார்த்தாள். அலறல் எங்கே பிறந்து எப்படி வெளியே வரும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

சட்டென்று தன் டார்ச்சின் பின்முனையை அவர் வாய்க்குள் செருகினாள். "சார், கடிச்சுப் பிடிங்க. ரெண்டு கையும் சுவத்துக்கு வேணும். நீங்கதான் எல்லாருக்கும் வெளிச்சம் காட்டணும். உங்களை விட்டா ஆள் இல்ல."

மனிதர் டார்ச்சைக் கடித்துக்கொண்டார். அலறல் மூக்கு வழியாக ‘உம்ம்’ என்று ஒரு காற்றாகக் கழிந்தது. எல்லோருக்கும் வழிகாட்டும் பொறுப்பு தலையில் ஏறியதும் முதுகும் நிமிர்ந்துவிட்டது. எச்சில் முகவாயில் வழிய வழிய, ஒவ்வொரு படியாக ஏறினார். அவர் பின்னால் மற்றவர்கள், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ரயில் மாதிரி. அம்மாவின் இடுப்பில் இருந்த ஒரு குழந்தை அண்ணாந்து பார்த்து, தன் காதுக்கு மேலே குட்டியைச் சிறகால் போர்த்திக்கொண்டிருந்த வௌவாலுக்கு மெதுவாக டாட்டா காட்டியது. கூரை அசையவில்லை.

வாசலில் மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. மேனேஜரும் வயர்மேனும் அவள் வீட்டுக்காரரும் நனைந்துகொண்டு நின்றார்கள். கூட்டம் முழுவதும் வெளியே வந்ததைப் பார்த்ததும் மேனேஜர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். தலைவர் வாயிலிருந்த டார்ச்சை எடுத்தார். தாடையைத் தடவிக்கொண்டே, "இத வாயில வச்சுக்கிறது இங்க விதியா?" என்று கேட்டார்.

"பெரியவங்களுக்கு மட்டும் சார்," என்று சொல்லிவிட்டு அவள் மேனேஜரிடம் திரும்பினாள். "டாக்டரம்மா வேர்க் குகையில இருக்கு."

"தீயணைப்புக்குப் போன் பண்ணிட்டேன். ரோட்டுல தண்ணி, சுத்திட்டு வர்றாங்களாம்."

அவர்கள் சுற்றிக்கொண்டு வருவதற்குள் தண்ணீர் எங்கே நிற்குமோ. ஸ்பீக்கரக்கா குன்றுப் பக்கம் ஓடினாள். "ஏம்மா, எங்க போற?" என்று வீட்டுக்காரரும் பின்னால் ஓடினார். வயர்மேன் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு தொடர்ந்தார். வழுக்கும் மண்ணில் கையும் காலுமாக ஏறி, வேர்க் குகை ஓட்டையின் விளிம்புக்குப் போனார்கள். சாய்ந்த மரம் ஓட்டைக்குக் குறுக்கே கிடந்தது. வயர்மேன் கயிற்றை அவள் இடுப்பில் கட்ட, அவள் மரத்தின்மேல் குப்புறப் படுத்துத் தலையை உள்ளே நீட்டினாள். வீட்டுக்காரர் அவள் இரண்டு காலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மூச்சை இழுத்தாள். கூப்பிட்டாள். வந்தது கிசுகிசுப்பு. இத்தனை நாள் பழக்கிய தொண்டை சொன்ன பேச்சைக் கேட்டு அடங்கிக் கிடந்தது.

"என்ன, கூப்பிடலையா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"கூப்பிட்டேன்!"

"எனக்கே கேக்கல!"

"அக்கா," என்றார் வயர்மேன், "டாக்டரம்மாதான் சொல்லியிருக்காங்கல்ல, இந்தப் பக்கம் எவ்ளோ கத்தினாலும் வளைவு தாண்டிக் கூடத்துக்குப் போகாதுன்னு? இங்க குட்டி இல்ல. பயப்படாமப் பழைய அக்காவா வாங்க."

ஸ்பீக்கரக்கா கண்ணை மூடினாள். கால் பெருவிரலிலிருந்து கிளப்பினாள். "டாக்டரம்மாஆஆ!"

குன்று திடுக்கிட்டது. வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு காரின் அலாரம் தானாக அலறியது. சிமெண்ட் ஆலை வாயிற்காவலர் வெளியே வந்து வானத்தைப் பார்த்தாராம். வீட்டுக்காரர் முகமெல்லாம் மலர, "இப்பக் கேட்டுச்சு!" என்றார்.

கீழே ஆழத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது. "அக்கா! பாறை மேல ஏறி நிக்கிறேன்! சுத்தியும் தண்ணி! எந்தப் பக்கம் மேடுன்னு தெரியல!"

"இடதுபக்கச் சுவரை ஒட்டி வாங்க! அங்க தரை உசரம்! முழங்கால்தான் நனையும்! கூடத்துக்கு வந்து மேல் படிக்கட்டு! சங்கிலிய எடுத்துட்டேன்!"

"சரிக்கா!"

"நான் பேசிட்டே இருக்கேன்! பயப்படாதீங்க!" என்று சொல்லிவிட்டு, சொன்னபடியே பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல் அன்று காலை சமையலில் ஆரம்பித்து, மகள் கல்லூரியில் வாங்கிய மதிப்பெண், வீட்டுக்காரர் தொலைத்த குடை என்று ஒன்று விடாமல் சொன்னாள். குடும்ப விவகாரம் மொத்தமும் மழையோடு சேர்ந்து குகைக்குள் இறங்கியது. "குடை தொலையல, பஸ்ல மறந்துட்டேன்," என்று காலைப் பிடித்திருந்தவர் நடுவில் திருத்தினார். கீழேயிருந்து வந்த பதில்கள் சிறிது நேரத்தில் நின்றுபோயின. வளைவு திரும்பிவிட்டாள் என்று புரிந்தது. மூவரும் விழுந்தடித்துக் கீழே ஓடினார்கள்.

டாக்டரம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இடுப்புவரை சேறு. பதிவுக் கருவிப் பெட்டியைத் தலைமேல் வைத்து இரு கையாலும் பிடித்திருந்தாள். பற்கள் தந்தி அடித்தன. ஸ்பீக்கரக்கா ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள், அப்புறம் ஏன் என்று தெரியாமலே சிரித்தார்கள்.

"குட்டிங்க?" என்று ஸ்பீக்கரக்கா கேட்டாள்.

"ஒண்ணும் ஆகல. எல்லாம் பால் குடிச்சுட்டு இருக்குங்க." டாக்டரம்மா பெட்டியைக் கீழே வைத்தாள். "நீங்க கூப்பிட்டப்போ இதுல பதிவு ஓடிட்டு இருந்துச்சு அக்கா. திரையில உங்க கோடு மேல போச்சு பாருங்க, அப்புறம் திரைக்குள்ளயே காணோம்."

வெள்ளம் வடிந்து, நடைபாதையைக் கழுவி, மறுபடி குகையைத் திறக்கக் கொஞ்ச நாள் பிடித்தது. மேல் படிக்கட்டுக்குக் கைப்பிடியும், வேர்க் குகைக்கு ஒரு மணியும் வைத்தார்கள். மேனேஜர் யோசித்து ஓர் ஏற்பாடு செய்தார். குட்டி இருக்கும் மாதங்களில் கிசுகிசுச் சுற்றுலா, மற்ற மாதங்களில் பழையபடி எதிரொலி. எது நன்றாக இருக்கிறது என்று வருகிறவர்களுக்குள் சண்டையே நடக்கிறது. ஸ்பீக்கரக்கா எந்தப் பக்கமும் சாயாமல், "ரெண்டும் நான்தானே" என்று சொல்லிவிடுகிறாள்.

குட்டிகள் முதன்முதலாக வெளியே பறந்த அந்தி வேளையில் வேலை முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வாசலுக்கு எதிரே பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். உழவாரக் குருவிகள் ஒவ்வொன்றாகக் கூட்டுக்குள் போக, உள்ளேயிருந்து வௌவால்கள் புகை மாதிரிக் கிளம்பின. அம்மாக்கள் நேராகப் போயின. குட்டிகள் சைக்கிள் பழகுகிற பிள்ளைகளைப் போல வளைந்து வளைந்து, மரத்தில் முட்டப் போய் விலகி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பறந்தன. மகள் ஒவ்வொன்றுக்கும் "ஐயோ, ஐயோ" என்று பதறினாள். டாக்டரம்மா கருவியைத் திருகி வைத்தாள். பொரி வறுபட்டது.

ஒரு குட்டி தடுமாறி வந்து வீட்டுக்காரரின் சட்டைப் பையில் தொற்றிக்கொண்டது. அவருக்குத் தெரியவில்லை. வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அசையாதீங்க," என்று ஸ்பீக்கரக்கா கிசுகிசுத்தாள்.

"ம்?"

"கை வைக்காதீங்க, அப்படியே இருங்க!"

"காப்பியா? குடு."

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் பாயில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். குட்டி அவர் பையில் சற்று மூச்சு வாங்கியது, ஒரு பொத்தானை முகர்ந்து பார்த்தது, பிறகு இறக்கையை விரித்துத் தாவி மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. வீட்டுக்காரர் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு எல்லோரையும் சந்தேகமாகப் பார்த்தார்.

"யாரு என் பாக்கெட்டுல கைய விட்டது?"

"உங்களைப் பாக்க விருந்தாளி வந்தாங்க," என்று ஸ்பீக்கரக்கா அவர் காதோடு சொன்னாள். "அவசரமா போகணுமாம், கிளம்பிட்டாங்க." சொல்லிவிட்டு எழுந்து, நிஜமாகவே எல்லோருக்கும் காப்பி கொண்டுவரப் போனாள்.